துடுப்பு வந்த வழி

கட்டுமரத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதைத் தள்ளிய துடுப்பைத் தனியாக நிறுத்திப் பார்த்தவர்கள் குறைவு. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வருகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றி, தூத்துக்குடியின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில் இன்னும் விரிவாக வருகிறது. இருவர் கண்ணும் மரத்தின் மேல்தான். மரத்தின் மேல் இருந்தவன் கையில் என்ன இருந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

அவன் கையில் இருந்தது மிக எளிய பொருள். மூங்கிலை நெடுக்கில் பிளந்தது, அல்லது ஒரு பலகையை இழைத்துச் செதுக்கியது. தனியாகக் கைப்பிடி கிடையாது, வளைவு கிடையாது. வலப்பக்கம் நாலு போடு, இடப்பக்கம் நாலு போடு. அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை முட்டி போட்டு வலிப்பான். அமைதியான நீருக்குப் போனபின் நிற்பதும் உண்டு. கை காய்க்கும் இடத்தில் உளி வைத்துக்கொள்வான், நீளம் மிஞ்சினால் வெட்டிக்கொள்வான். துடுப்பு மனிதனின் அளவுக்கு வரவேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. விடியலில் போய் வெயில் ஏறத் திரும்புகிறவனுக்குத் தோள் போனால் பிழைப்பே போயிற்று.

1980-களில் வெளியே பொருத்தும் எஞ்சினும் ஃபைபர் படகும் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தன. கட்டுமரம் ஒதுங்கியது, அதோடு துடுப்பும் கூரை இறவாணத்தில் செருகப்பட்டது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அந்தப் பொருள்தான் நம் கரையில் துடுப்புக்கு வேலையில்லாமல் செய்தது. அதே கண்ணாடி இழையில் செய்த துடுப்பு, கடல்களைச் சுற்றிக்கொண்டு, வேறு வேலைக்காக இதே கரைக்குத் திரும்ப வந்தது. அது சுற்றிய வழியைப் பார்த்தால்தான் இன்று கடையில் எதை எடுப்பது என்பதும் விளங்கும்.

பாய் நெய்யும் எங்கள் ஊர்ப் பத்தமடைக்காரர்களுக்கு இதில் நேராக ஒரு தொடர்பு இருக்கிறது. பெரு நாட்டின் வடகரையில், ஊவான்சாக்கோ என்ற ஊரில், மீனவர்கள் இன்றும் கோரையில் கட்டிய மிதவையில் கடலுக்குப் போகிறார்கள். அங்கே அந்தப் புல்லுக்கு தொதோரா என்று பெயர். தாமிரபரணிக் கரையில் வெட்டி, வகிர்ந்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு நாம் பாய் நெய்கிறோமே, அந்தக் கோரையும் இந்தத் தொதோராவும் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் கரையின் பழைய மோச்சே நாகரிகக் காலத்து மட்பாண்டங்களிலேயே இந்த மிதவையின் உருவம் இருக்கிறது. முன்முனை மேலே வளைந்திருக்கும். ஆள் முட்டி போட்டோ கால் மடித்தோ உட்காருவான். துடுப்பு? நெடுக்கில் பிளந்த மூங்கில். நம் கரையில் இருந்த அதே பொருள். டாம்பியர் கட்டுமரத்தைக் குறிப்பிடுவதே பெரு பக்கத்து மிதவைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மிதவையும் அலையும் ஒரு மனித உடலும் சேர்ந்தால் துடுப்பு முதலில் இந்த வடிவத்துக்குத்தான் வருகிறது.

நின்றுகொண்டே வலிப்பது, ஸ்டாண்ட்-அப் பேடில் என்ற விளையாட்டாக உருவெடுத்த இடம் ஹவாய். வைகிகிக் கடற்கரையில் சுற்றுலா வந்தவர்களுக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்த இளைஞர்கள், கடந்த நூற்றாண்டின் நடுவில், நீளமான பலகையில் நின்றபடி படகுத் துடுப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். நின்றால் மாணவர்கள் கண்ணில் படுவார்கள், வரும் அலையும் தெரியும். அவர்களில் ஜான் ஆ சோய் என்பவர் வயதும் உடல்வாகும் காரணமாகப் படுத்தும் எழுந்தும் சறுக்க முடியாமல், துடுப்போடு நின்றே பழகினார் என்று சொல்வார்கள். 1990-களில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா என்ற இரு புகழ்பெற்ற அலைச்சறுக்கு வீரர்கள் மாவி தீவில் இதை எடுத்துக்கொண்டார்கள். படகில் உட்கார்ந்து போடும் துடுப்பு நிற்கிறவனுக்குக் குட்டை. குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். ஆகவே ஆள் உயரத்துக்கும் மேலே நீட்டச் சொன்னார்கள். இடுப்பு வலிக்கு அது மருந்து. தோள்வலி பிறந்தது அங்கேதான்.

இதற்கு முன்பே இன்னொரு திருத்தம் வேறு இடத்தில் நடந்திருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜீன் ஜென்சன் என்ற படகு வடிவமைப்பாளர் 1970-களின் தொடக்கத்தில் துடுப்பின் தண்டுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு கோணம் வைத்தார். நேரான துடுப்பு, இழுப்பின் கடைசியில், படகைத் தள்ளுவதை விட்டுவிட்டுத் தண்ணீரை மேலே தூக்கும். அந்தத் தூக்கு முழுவதும் தோளுக்குத்தான் பாரம். கோணம் வைத்தால் பிளேடு இன்னும் கொஞ்ச தூரம் செங்குத்தாகவே நிற்கும். ஏரிப் படகுப் பந்தயத்துக்காகச் செய்தது ஹவாயின் பக்கமிதவைப் படகுக்குப் போய், அங்கிருந்து நிற்கிறவன் துடுப்புக்கும் வந்து சேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் எந்த நின்றபடித் துடுப்பிலும் பத்து டிகிரி சுற்றுவட்டாரத்தில் இந்தக் கோணம் இருக்கும். கரிம இழை வந்த கதை தனி: 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன், 1961-இல் ஜப்பானில் அகியோ ஷிண்டோ, பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகம். விமானத்துக்காக வளர்ந்த இழை துடுப்புக்கு வந்தபோது எடை பாதியாயிற்று.

நம் கரைக்கு இந்த நின்றபடித் துடுப்பு, சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் வழியாக வந்தது. மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து அங்கே தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலகை ஏறினார்கள். கோவளத்துக்காரரான சேகர் பச்சை இந்த ஸ்டாண்ட்-அப் பேடில் போட்டியில் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசையில் தேசியப் போட்டி நடந்திருக்கிறது. பத்தமடையிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போனால் மணப்பாடு. மணல் திட்டுக்கு உள்ளே ஒதுங்கிய நீரில் புதிதாகப் பழகுகிறவர்களும் நிற்கலாம். கட்டுமரம் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் துடுப்பு மறுபடி ஏறிவிட்டது.

ஆனால் எல்லார் கைக்கும் நல்ல துடுப்பு வருவதில்லை. காற்றடைத்துச் சுருட்டி வைக்கும் பலகை வாங்கினால், அதே பையில் பம்பு, கயிறு, மூன்று துண்டாகக் கழற்றும் அலுமினியத் துடுப்பு எல்லாம் சேர்ந்து வரும். அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வாங்கியது. ஊருக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து வலத்தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடே, விழுந்தியா?"

"இல்ல மாமா. ராத்திரி இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல. சட்ட போடக் கைய தூக்குனா சுருக்குங்குது."

துடுப்பைக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்று சேர்த்து நிறுத்தினான். தண்டில் அளவு அச்சடித்திருந்தது. பூட்டு 200 செ.மீ.க்குப் பக்கத்தில் இறுகியிருந்தது. அவன் உயரம் 168. கடைக்காரர் ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்லி, அதுதான் சரியான நீளம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வீட்டு லாத்தா பாய்த்தறியில் இருந்தார். நாற்பது வருஷமாக நெய்கிறவர். தரையை ஒட்டிப் பாவு கட்டி, அதன் மேல் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். கோரை குச்சியோடு குறுக்கே போகும், அச்சு வந்து அதை நெருக்கும். அவருடைய கை முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கிற அந்த முழ இடத்தை விட்டு மேலே போவதே இல்லை. இடுப்பும் முதுகும் வலிக்கும் என்று நித்தம் சொல்வார், தோள் வலிக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. இவன் துடுப்பு போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எதுக்குத் தம்பி இம்புட்டு ஒசரம்? கை நெத்திக்கு மேல போயிட்டா அப்புறம் பலம் எங்கேருந்து வரும்?"

எலும்பு மருத்துவர் படம் வரைந்து சொல்வதும் இதுதான். தோள்மூட்டுப் பந்தைக் குழியில் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறு தசைகள்; ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். அவற்றில் மேலே இருப்பதன் தசைநாண், தோள்பட்டை நுனி எலும்புக்கு அடியில் ஒரு குறுகிய இடுக்கு வழியாக வருகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்பக்கமாகத் திருப்பி, அந்த நிலையில் பாரமும் கொடுத்தால் இடுக்கு நெருங்கும், நாண் உரசும். நீளமான துடுப்பைப் போடுகிறவனின் மேல் கை ஒவ்வொரு போட்டுக்கும் அந்த நிலைக்குத்தான் போகிறது. நிமிஷத்துக்கு நாற்பது போடு என்றால் மணிக்கு 2,400. ஒரு தடவை உரசினால் ஒன்றுமில்லை; ஒரு சாயங்காலத்தில் ஆயிரக்கணக்கில் உரசினால் நாண் வீங்கும், வீங்கினால் இடுக்கு இன்னும் நெருங்கும். ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாதது இதற்கு வழக்கமான அடையாளம்.

அதனால் துடுப்பில் முதலில் பார்க்கவேண்டியது நீளம். விலையும் இழையும் பிறகு. உயரத்தோடு 15 முதல் 20 செ.மீ. கூட்டிக்கொள்வது பொதுவாகப் பொருந்தும். தோளில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்கள் கீழ் எல்லையிலேயே நிற்க வேண்டும். என் மருமகனுக்கு அது 183. இந்தக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. காற்றடைத்த பலகை 15 செ.மீ. தடிமன் இருக்கும், கெட்டிப் பலகை அதைவிட மெலிது. தண்ணீருக்கு மேல் நீங்கள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நாலைந்து செ.மீ. மாறும். சரியான சோதனை நீரில்தான். பலகையில் நின்று, பிளேடு முழுவதும் முங்கும்படி துடுப்பைப் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். கைப்பிடியைப் பிடித்த கை தோள் மட்டத்தை ஒட்டி இருந்தால் சரி. அதைவிட நன்றாக மேலே போனால் பூட்டைத் தளர்த்தி இறக்குங்கள். நீளம் மாற்றக்கூடிய தண்டுதான் தோள்வலிக்காரருக்கு முதல் துடுப்பாக இருக்க வேண்டும். பழகப் பழக அளவு மாறும், காற்று அடிக்கும் நாளில் ஒரு நீளம், அமைதியான நாளில் ஒரு நீளம் வேண்டியிருக்கும்.

அடுத்தது பிளேடின் பரப்பு. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அகன்ற பிளேடு வேகம் தரும் என்று நினைத்துப் பெரிதாக எடுக்கிறார்கள். பிளேடைச் சதுர அங்குலத்தில் சொல்வது வழக்கம்: 80 என்றால் சுமார் 516 சதுர செ.மீ., 100 என்றால் சுமார் 645. பெட்டியோடு வரும் துடுப்புகள் பெரும்பாலும் 100-க்குப் பக்கத்தில், அதற்கு மேலும் இருக்கும். அறுபது கிலோ உடம்புக்கு அது மலை. பெரிய பிளேடு தண்ணீரைப் பிடித்ததும் அங்கேயே நட்டது போல நின்றுவிடும். அசைய வேண்டியது பலகை. பலகை அசையும் வரை அந்த இழுப்பைத் தாங்குவது தோள். சிறிய பிளேடு கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். போடு எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு போட்டின் பாரமும் குறையும். தோளுக்கு இதுதான் ஏற்றது. அறுபது கிலோவுக்கு உட்பட்டவர்கள், பெண்கள், ஐம்பது தாண்டியவர்கள் 80-ஐ ஒட்டியே எடுக்கலாம். எழுபது எண்பது கிலோ உள்ளவர்களுக்கு 85 முதல் 90 போதும். 100-க்கு மேற்பட்டது கனத்த உடம்பும் பழகிய தோளும் உள்ளவர்களுக்கு மட்டும்.

எடைக்கு மூன்றாம் இடம்தான் தருவேன், கடைகள் அதை முதலிடத்தில் வைத்தாலும். பெட்டியோடு வரும் அலுமினியத் துடுப்பு ஒரு கிலோ சுற்றுவட்டாரம் இருக்கும். கண்ணாடி இழை 700, 800 கிராம். கரிம இழை 500 முதல் 650. ஒரு மணி நேரத்தில் 2,400 தடவை தூக்குகிறீர்கள், 400 கிராம் குறைந்தால் மொத்தத்தில் 960 கிலோ மிச்சம். இது பெரிய லாபம்தான். ஆனால் நீளம் தவறான கரிமத் துடுப்பைவிட, நீளம் சரியான அலுமினியத் துடுப்பு தோளுக்கு நல்லது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வலி வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதுதான்.

தண்டின் விறைப்பையும் கவனியுங்கள். பந்தயக்காரர்கள் கல் மாதிரி விறைத்த கரிமத் தண்டைக் கேட்பார்கள், போட்ட பலம் வீணாகக்கூடாது என்று. ஆனால் பிளேடு தண்ணீரைப் பிடிக்கும் கணத்தில் வரும் அதிர்ச்சி, விறைத்த தண்டில் நேராகத் தோளுக்கு ஏறும். கண்ணாடி இழை கலந்த தண்டு மயிரிழை வளைந்து அதை வாங்கிக்கொள்ளும். தோளுக்காக வாங்குகிறவர்களுக்கு என் தேர்வு கண்ணாடி இழைத் தண்டு, அல்லது கரிமமும் கண்ணாடியும் கலந்தது. விலையும் முழுக் கரிமத்தைவிடக் குறைவு. கை சிறிதாக இருந்தால் மெலிந்த தண்டு கேளுங்கள். தடித்த தண்டை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கையிலிருந்து கழுத்துவரை எல்லாமே இறுகிவிடும்.

ஜென்சனின் கோணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் மருமகன் செய்த இன்னொரு பிழை அதில்தான் இருந்தது. புதியவர்களில் பலர் அதையே செய்கிறார்கள். பிளேடு பார்ப்பதற்குக் கரண்டி மாதிரி இருப்பதால், குழிந்த பக்கம் தன்னை நோக்கும்படி, தண்ணீரை அள்ளுவது போலப் பிடிக்கிறார்கள். அது தலைகீழ். பிளேடு தண்டிலிருந்து முன்னோக்கி, பலகையின் மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் இழுப்பு முழுக்கத் தண்ணீரைத் தூக்குகிறீர்கள். ஒரு திருப்பில் தீருகிற வலியை மாதக்கணக்கில் சுமந்தவர்கள் உண்டு.

போடும் முறையைப் பற்றி நாலு வார்த்தை. கையால் இழுக்காதீர்கள், முட்டியைச் சற்று மடித்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, பிளேடைப் பாதத்துக்கு முன்னால் ஊன்றுங்கள். பாதத்தை அடைந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது வேகத்துக்கும் உதவாது, தோளுக்கும் ஆகாது. ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போகாதீர்கள்.

எங்கள் வீட்டு அலுமினியத் துடுப்பை 183-க்கு இறக்கினோம். உடனே அவன் தண்ணீருக்குப் போய்விடவில்லை. பாளையங்கோட்டையில் மருத்துவரைப் பார்த்து, உடற்பயிற்சி சிகிச்சை முடித்து, கையை வலியில்லாமல் தூக்க முடிந்த பிறகுதான் மணப்பாட்டுக்குப் போனான். அங்கே பயிற்சியாளர் ஒருவரிடம் 82 சதுர அங்குலக் கண்ணாடி இழைத் துடுப்பை ஒரு காலை நேரத்துக்குக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தான், பிறகுதான் தனக்கு வாங்கினான். பழையதை வீசவில்லை. துடுப்பு கை நழுவிக் காற்றில் போய்விட்டால் கரை திரும்ப இன்னொன்று வேண்டும். பலகையின் வலைக்கயிற்றில் இப்போது அது இருக்கிறது. ஆற்றில் போட்டுப் பழகலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தாமிரபரணியில் அணைக்கட்டுகளின் கீழும் மண் அள்ளிய குழிகளிலும் சுழல் உண்டு. கன்னடியன் கால்வாயில் மதகுகள் உண்டு. பழக ஏற்றது அலையில்லாத, ஆள் நடமாட்டமுள்ள, பயிற்சியாளர் இருக்கும் நீர்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஒன்று. தோள் இறுகிக்கொண்டே வந்து கை எந்தப் பக்கமும் தூக்க வராமல் போனால் அது உறைந்த தோளாக இருக்கலாம்; சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வருகிறது. துடுப்பை மாற்றினால் அது சரியாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், முதலில் மருத்துவர்.

கோவளத்திலும் மணப்பாட்டிலும் ராமேஸ்வரம் பக்கத்திலும் பயிற்சி தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகைக்குக் கொடுக்கும் துடுப்புகளில் குறைந்தது இரண்டை 80 சதுர அங்குலப் பிளேடும் நீளம் மாற்றும் தண்டும் உள்ளதாக வையுங்கள். பலகையில் ஏற்றும் முன் ஒவ்வொருவருக்கும் தோள் அளவு பார்த்துப் பூட்டுங்கள். அரை நிமிஷ வேலை. நம் கரை நெடுக ஃபைபர் படகு கட்டும் பட்டறைகள் இருக்கின்றன, கண்ணாடி இழையும் பிசினும் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவரவர் உயரத்துக்கும் கைக்கும் ஏற்ப ஒரு துடுப்பு செய்து கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.